அப்பா அணைக்க மறந்த மைக்

ஆட்டோவின் பின்சீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் மைக். அதன் சல்லடை மூடியில் அப்பா ஓயாமல் சப்பும் விக்ஸ் மாத்திரையின் வாசனை. முன்னால் அப்பா வண்டி ஓட்டுகிறார். அவர் காலடியில் ஆம்ப்ளிஃபயர், கூரைமேல் பழைய சைக்கிள் டியூப் வைத்துக் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போய் மூன்று நாளாகப் பேச்சே வரவில்லை. தெரு முனை வந்ததும் திரும்பிப் பார்த்து, 'ஆரம்பி' என்று கண்ணைக் காட்டுகிறார்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு துயர அறிவிப்பு. வில்லியனூர் கொம்யூன், நமது கிராமம், மேட்டுத் தெருவில் வசித்து வந்த கரும்பு வெட்டு மேஸ்திரி கோவிந்தன் அவர்கள்..."

நான் மைக்கில் பேசிய முதல் சாவு அது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கல்லூரிக் கவுன்சிலிங்குக்கு எந்தப் படிப்பு முதலில், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டரில் பதிய மறுநாள்தான் கடைசி நாள்.

இந்தத் தொடரைப் படிக்கிற பிள்ளைகள் சிலர், "அக்கா, பத்திரிகைக்கு வர என்ன டிகிரி படிக்கணும்?" என்று கேட்டு எழுதுகிறார்கள். பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு அந்தப் பதில் ஒரு வரியில் கிடைக்கவில்லை. ஒரு சாவு, ஒரு ஆட்டோ, ஒரு டீக்கடை முக்கு, இவ்வளவும் தேவைப்பட்டன. ஆகவே நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரே குரல்

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே. அப்பா பெயர் ஏழுமலை. 'மைக் செட் ஏழுமலை' என்றால் காட்டேரிக்குப்பம் வரைக்கும் தெரியும். மாதா கோயில் திருவிழாவுக்கும் அவர் குரல்தான், தேருக்கும் அவர் குரல்தான். ரேஷன் அரிசி, தண்ணீர் வராத நாள், காணாமல் போன கன்றுக்குட்டி, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். அந்த வருஷம் தேர்த் திருவிழாவில் கத்திக் கத்தித்தான் தொண்டை போனது.

எங்கள் பக்கத்தில் சாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போனில் சொன்னால் அது வெறும் தகவல். மைக்கில் பெயர் சொன்னால்தான் அழைப்பு. இறந்தவரின் பிள்ளைகள், மருமகன்கள், சம்பந்திகள் என்று வரிசையாகப் பெயர் வரும். பெயர் வந்தவர்கள் மாலையும் கோடித் துணியும் எடுத்துக்கொண்டு உரிமையோடு வரலாம். பெயர் வராதவர்கள், எவ்வளவு நெருங்கிய ரத்தமானாலும், படியேற மாட்டார்கள். ஏற விடவும் மாட்டார்கள்.

பெயர்களைச் சொல்வது ஆண்கள்தான். வீட்டுப் பெண்கள் உள்ளே பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருப்பார்கள். மகனோ தம்பியோ தெருவுக்கு வந்து ஆட்டோவில் கை வைத்துக்கொண்டு சொல்வார். அப்பா கேட்டு மனசில் வாங்கிக்கொள்வார்.

ஒரு முறை யாரோ வீட்டுச் சாவில் அப்பா சின்ன மருமகன் பெயரைப் பெரிய மருமகனுக்கு முன்னால் சொல்லிவிட்டார். பெரியவர் வாங்கி வந்த மாலையை வேலியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பஞ்சாயத்து, மன்னிப்பு, பெரிய கூத்து. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே சட்டம்: "குடுத்ததச் சொல்லு. கூட்டாத, கொறைக்காத. மைக்குல போனது போனதுதான், திரும்ப வராது."

இன்னொரு முறை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மைக்கை அணைக்காமலே அம்மாவோடு கருவாட்டுக் குழம்புக்காகச் சண்டை போட்டார். உப்பு கூட என்று இவர், நாக்கு செத்துப்போச்சு என்று அம்மா. மூன்று தெரு கேட்டது. மறுநாள் மளிகைக் கடைக்காரர் அம்மாவிடம், "உப்பு எத்தினி கிலோ வேணும்க்கா?" என்று கேட்டார். அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

நகவெட்டி

அம்மா எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தார். அவர் கண்ணில் உலகத்திலேயே உயர்ந்த பிறவி நர்ஸ்தான். வெள்ளை உடுப்பு, தலைக்கு மேல் ஃபேன், 'சிஸ்டர்' என்று டாக்டரே கூப்பிடுகிற மரியாதை. நான் ஒன்பதாவது படிக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கையைப் பிடித்து இழுத்து நகம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நர்சுக்கு நகமே இருக்கக் கூடாதுடி. எங்க ஹெட் சிஸ்டரு சொன்னாங்க."

"நான் இன்னும் நர்சாவலியேம்மா."

"ஆவப்போற இல்ல? இப்பவே பழகிக்க."

சதையோடு ஒட்ட வெட்டிவிடுவார். திங்கட்கிழமை பேனா பிடித்தால் விரல் நுனி எரியும். அம்மாவின் ஆசையில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. சின்ன வயசில் கரும்புக் காட்டில் காய்ந்த சோகையை உரித்துக் கையெல்லாம் கிழித்துக்கொண்டவர். மகள் வெயிலில் நிற்காத வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் நர்சிங் கல்லூரி. கிருமாம்பாக்கம் போனாலும் அதே கதை. வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கோ பத்திரிகை. எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் படிக்கிறவர்களிடம், நான் படித்து முடித்துவிட்ட செய்தியை, "உள்பக்கத்துல பாருங்க மாமா" என்று காட்டிக்கொடுப்பேன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி வந்தால் அதில் என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது உறுத்தும்.

அப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். தொண்டை நன்றாக இருந்த நாள். "வாணாம் பாப்பா. மைக்குல ஒரு பேரு முன்ன பின்ன ஆனாலே ஊரு கூடுது. பேப்பர்ல தப்பானா எத்தினி ஊரு கூடும்? பொம்பளப் புள்ள, எவன் வந்து வாசல்ல நிப்பானோ" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஜெராக்ஸ் கடை ஆலோசனை

வில்லியனூர் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாஸ்கர் சார் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எனக்குத் தெரிந்த ஒரே பத்திரிகைக்காரர். யாருக்கும் சொல்லாமல் அவரிடம் போய் நின்றேன்.

"சார், ரிப்போர்ட்டர் ஆவணும்னா இன்னா படிக்கணும்?"

அவர் யாருடைய ஆதார் அட்டைக்கோ இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். "விஸ்காம் படிம்மா. கேமரா கத்துக்கலாம்" என்றார். அட்டையைத் திருப்பிப் போட்டார். "ஆனா எழுதணும்னா பி.ஏ. தமிழ் நல்லது." இன்னொரு நகல் வந்தது. "அரசியல் எழுதணும்னா பொலிட்டிகல் சயின்ஸ். இப்ப டவுன்ல ஒரு காலேஜ்ல ஜர்னலிசமே தனியா வச்சிருக்கானாம்."

"நீங்க இன்னா சார் படிச்சீங்க?"

"நானா? பி.காம். அதுவும் பாதியில உட்டுட்டேன்."

போனபோது ஒரு குழப்பம் இருந்தது. வரும்போது நாலு இருந்தன.

கவுன்சிலிங்குக்குப் பதிய வேண்டிய வரிசையில் முதலில் நர்சிங் என்று அம்மா முடிவு செய்து, பிரவுசிங் சென்டருக்குப் போக லீவும் சொல்லிவிட்டார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். அப்போதுதான் மேஸ்திரி இறந்துபோனார்.

விட்டுப்போன பெயர்

மேஸ்திரியின் பெரிய மகன் முருகன் தெருவுக்கு வந்து பெயர் சொன்னார். நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். மகன்கள் முருகன், குமார். மருமகள்கள். பேரப்பிள்ளைகள். அவ்வளவுதான்.

"பொண்ணு?" என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முருகன் என்னைப் பார்த்தார். அப்பா வண்டியை எடுத்துவிட்டார்.

மேஸ்திரிக்கு ஒரு மகள் உண்டு. கலைவாணி அக்கா. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துவைப்பார். வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கிருமாம்பாக்கத்தில் இருந்தார். அது நடந்து சில வருஷம். அதற்கப்புறம் மேஸ்திரி, யார் கேட்டாலும், "எனக்கு ரெண்டு புள்ளதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஊரும் ரெண்டு என்றே பேசப் பழகிக்கொண்டது.

மேட்டுத் தெருவில் கொடுத்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத் தெருவில் சொன்னேன். ஏரிக்கரைத் தெருவில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா சாம்பல் கையோடு எழுந்து வந்தார்.

"ஏ பாப்பா, கலை பேர உட்டுட்டியே?"

"உடச் சொன்னாங்க."

"யாரு? பூங்காவனமா சொல்லுச்சு?"

பூங்காவனம் அத்தை மேஸ்திரியின் மனைவி. அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வழக்கத்தில் கேட்கவும் மாட்டார்கள்.

"அப்பா, வண்டியத் திருப்பு."

"இன்னாத்துக்கு?" காற்று மட்டும்தான் வந்தது அவர் தொண்டையிலிருந்து.

"கேட்டுட்டு வந்துடறேன்."

"யார?"

"அத்தைய."

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். அப்புறம் மைக்கை அணைத்தார். வண்டியைத் திருப்பினார்.

"எண்ணத் தெரியாதா எனக்கு?"

கூடத்தில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பூங்காவனம் அத்தை உட்கார்ந்திருந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் பெண்கள். பக்கத்தில் போய் குந்தி உட்கார்ந்தேன்.

"அத்த, மைக்குல சொல்லணும். ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

ஒப்பாரி நின்றுவிட்டது. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

"மூணு" என்றார்.

"பேரு சொல்லுங்கத்த."

"முருகன். கலைவாணி. குமாரு." பிறந்த வரிசையில் சொன்னார். நான் கேட்காமலே, "கலைவாணி வூட்டுக்காரரு பேரு சதீசு. அதையும் சொல்லு" என்றார்.

அந்த மருமகனின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

வாசலில் முருகன். "யம்மா! இன்னா பேசற நீ?"

"பெத்தவ நான்தான்டா. எண்ணத் தெரியாதா எனக்கு?"

முருகன் அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றிருந்தார். "ஏழுமல அண்ணே, நீ சொல்ல மாட்ட இல்ல?"

அப்பா தொண்டையைச் செருமினார். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அது. "வூட்டம்மா சொல்லிட்டாங்கபா. நான் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

மறுபடி மேட்டுத் தெருவிலிருந்து ஆரம்பித்தோம். "முருகன், கலைவாணி, குமார் ஆகியோரின் தந்தையும், சதீஷ் அவர்களின் மாமனாரும்..." ஏரிக்கரையில் அந்த அக்கா, நான் சொல்லி முடிக்கும் முன்பே போனை எடுத்துக் காதில் வைத்திருந்தார். "ஏ கலை, மைக்குல ஒம் பேரு சொல்லிட்டாங்கடி. ஒன் வூட்டுக்காரரு பேரும் சொல்லிட்டாங்க. கெளம்புடி."

பொழுது சாயும் முன்னே வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ரோஜா மாலையோடு கலைவாணி அக்கா இறங்கினார், கூடவே அவர் கணவர், இடுப்பில் நான் பார்த்தேயிராத ஒரு பெண் குழந்தை. செய்தி காலையிலேயே போனில் தெரிந்துவிட்டதாம். புடவை கட்டித் தயாராகி, மைக்கில் பெயர் வருமா என்று கிருமாம்பாக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்பா அவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். மேஸ்திரி வீட்டு வாசலில் யாரும் மறிக்கவில்லை. முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தல் கயிற்றைக் கட்டப் போனார். அக்கா, "யப்பா" என்று அந்தப் பெட்டியின்மேல் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவு நடக்குமா என்று பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டீக்கடை முக்கு

கடைசியாக இன்னொரு சுற்று அடக்க நேரத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். எங்கள் தெரு திரும்புகிற டீக்கடை முக்கில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். கூரைமேல் கட்டியிருந்த ஸ்பீக்கரை ஏதோ சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ சொல்வார் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னா படிக்கணும் பாப்பா?" ரகசியம் மாதிரிதான் வந்தது அந்தக் கரகரத்த குரல். "ஒன்ன யாருமே கேக்கல இல்ல?"

காலையிலிருந்து அடக்கியதெல்லாம் கொட்டிவிட்டது. "எனக்கு நர்சிங் வாணாம்பா. நான் பத்திரிகைக்குத்தான் படிப்பேன். டவுன்ல அந்த காலேஜ்ல ஜர்னலிசம் இருக்குதாம். அதத்தான் மொதல்ல போடணும். ஜனங்ககிட்ட போயி கேக்கணும்பா, கேட்டத எழுதணும். அம்மாகிட்ட நீயே சொல்லுப்பா, எனக்கு பயமா இருக்குது. நகம் வேற ஒட்ட ஒட்ட வெட்டுது, எரியுதுப்பா..."

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது; நாள் முழுக்க என் குரலையே குழாயில் கேட்டுக் காது மரத்திருந்தது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தபோதுதான் உறைத்தது. 'எரியுதுப்பா' என்பது தெருக்கோடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா! மைக்கு!"

"அய்யய்யோ" என்று அப்பா குனிந்து அணைத்தார். "மறந்துட்டேன் பாப்பா."

வீட்டு வாசலில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அக்கம்பக்கத்து வாசல்களிலும் ஆட்கள். நான் இறங்காமல் ஆட்டோவுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு" என்றார் அம்மா. "எங்கிட்ட சொல்லத்தான் பயமா?"

அப்பா இல்லாத குரலில் இழுத்தார். "மைக்குல போயிடுச்சு சாந்தி. இனிமே இன்னா பண்றது..."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, "எறங்கு. சாவுத் தெருவெல்லாம் சுத்திட்டு வந்திருக்க, போயி தலைக்கு ஊத்து" என்றார்.

மறுநாள் மூவரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். முதலில் ஜர்னலிசம், இரண்டாவது பி.ஏ. தமிழ். மூன்றாவதாக நர்சிங்கைப் போடச் சொல்லி அம்மா அந்தப் பையனிடம் சொன்னார். அவர் மனசுக்காக நானும் தலையாட்டினேன். முதலாவதே கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அம்மா நகவெட்டியை எடுக்கவில்லை. என் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்துபோனார். அவர் ஆசையை நான் பறித்துக்கொண்டுவிட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் நகம் வெட்டும்போது அம்மா ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

யாரைக் கேட்பது

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இப்போதெல்லாம் குரலைப் பதிவு செய்து பென் டிரைவில் ஓடவிடுகிறார். தொண்டைக்கு ஓய்வு. வாசலில் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம், எத்தனையோ முறை கேட்டதை மறுபடியும் கேட்டேன்.

"நெசமா சொல்லுப்பா. அன்னிக்கு மைக்க மறந்துதான் உட்டியா?"

"எந்தப் பேப்பருக்குக் கேக்கற?" என்றார். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். மந்திரிகளே என்னிடம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனிதரிடம் பருப்பு வேகவில்லை.

பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்தக் கருவாட்டுச் சண்டைக்கு அப்புறம் அவரு ஒரு நாளும் மைக்க மறந்ததில்ல. கொழா அன்னிக்கு நம்ம வூட்டப் பாத்துத் திரும்பி இருந்துச்சு. நான் வாசல்ல வந்து பாத்தேன் இல்ல?"

அப்பா ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமானார். காது மட்டும் சிவந்திருந்தது.

"இத்தினி வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ அவரத்தான கேட்ட?" என்று அம்மா மீனைத் திருப்பிப் போட்டார். "என்ன எங்கடி கேட்ட?"